விட்டுவிட்டுத் திணறும் பழைய டிராக்டர்

கேள்வி: பழைய டீசல் டிராக்டர் காலையில் நன்றாக ஓடுகிறது. அரை மணி நேரம் உழுததும் திணறி இழுவை குறைகிறது. சிறிது நேரம் நிறுத்தி எடுத்தால் சரியாகிறது. டீசல் பம்ப்பை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்கிறார் வாசகர் ஒருவர்.

பதில்: அவசரப்பட வேண்டாம். நிறுத்தி வைத்தால் சரியாவது, டீசல் வரும் வழியில் தடை இருப்பதற்கான அடையாளம். செலவில்லாத சோதனைகளை முதலில் செய்து பார்க்கவும்.

1. திணறும்போது டேங்க் மூடியைத் தளர்த்தவும். உடனே வேகம் பிடித்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. சுத்தம் செய்தால் போதும்.

2. காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், ஃபில்டரின் அடியில் உள்ள டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடிக்கவும். தண்ணீர் அடியில் தங்கும். தண்ணீரோ கசடோ இருந்தால் டேங்கைக் கழுவி, ஃபில்டரை மாற்றவும்.

3. டேங்கிலிருந்து ஃபீடு பம்ப் வரையுள்ள ஹோஸ், வாஷர்களைப் பார்க்கவும். இங்கே விரிசல் இருந்தால் டீசல் ஒழுகாமலேகூட காற்றை இழுக்கும். சரிசெய்து, கைப்பம்ப் அடித்து, குமிழி நிற்கும் வரை ஏர் எடுக்கவும்.

4. கரும்புகையும் வந்தால் ஏர் கிளீனரைச் சுத்தம் செய்து, அதன் ஆயிலை மாற்றவும்.

இத்தனைக்கும் பிறகும் திணறினால் மட்டுமே நாசில், பம்ப்பைக் கழற்றி, சோதனைக் கருவி உள்ள டீசல் பம்ப் கடையில் காட்டவும். இன்ஜின் ஓடும்போது நாசில் குழாய்க் கசிவைக் கையால் தடவக் கூடாது. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.