உமது விண்மீனைக் காட்டுவீரா?

கோயில் அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்டால் நம்மில் யாரும் திகைப்பதில்லை. திருவாதிரை என்போம், கேட்டை என்போம். பெண் பார்க்கும் படலம் என்றால் பாதம்கூடப் பிசகாது. ஆனால், அந்தத் திருவாதிரை வானில் எங்கே என்று கேட்டுப் பாருங்கள்! எம்.எஸ்ஸி. படித்தவரும் தலையை நிமிர்த்தாமல் சட்டைப் பையில் கைப்பேசியைத் தேடுவார். சாதகத்தை நம்புகிறவரும் அதை எள்ளி நகையாடும் பகுத்தறிவாளரும் இந்த ஒன்றில் மட்டும் கைகோத்து நிற்கின்றனர். நிலவு சுற்றிவரும் பாதையை 27 பங்காக்கி, பங்குக்கு ஒரு பெயரிட்டனர் முன்னோர். பெயர் நம்மிடம் இருக்கிறது, வானம்தான் இல்லை.

கைப்பேசியை மேலே நீட்டினால் அதுவே பெயர் சொல்லிவிடுமே என்பீர்கள். சொல்லும். பக்கத்து மாணவனின் தாளைப் பார்த்து எழுதிய கணக்கும் சரியாகத்தான் இருக்கும்! அதே கைப்பேசியால் முதலில் படம் எடுங்கள், பெயரைப் பிறகு நீங்களே தேடுங்கள் என்பது என் கட்சி.

தை மாதம், இரவு ஒன்பது மணி, தில்லி விடுதியின் மொட்டைமாடி. தெற்கு நோக்கி, கைப்பேசியைச் செங்கல்மீது சாய்த்து அசையாமல் வையுங்கள். பத்து விநாடி ஒளி வாங்கட்டும்; கை பட்டால் நடுங்கும், ஆதலால் டைமர் வேண்டும். நேரத்தை மிக நீட்டினால் பூமியின் சுழற்சியால் புள்ளிகள் கோடுகளாகிவிடும். படத்தில் மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில் நிற்கும். ஓரையன் என்னும் வேட்டைக்காரனின் அரைக்கச்சை அது. அதற்கு மேலே இடப்புறம் செம்மை படர்ந்திருப்பது திருவாதிரை. கீழே வலப்புறம் நீலம் கலந்த வெண்மையாய் ரைகல். கச்சையின் வரிசையை வலப்புறம் மேல்நோக்கி நீட்டினால் ரோகிணி, அதையும் கடந்தால் கார்த்திகைக் கூட்டம். ஒரே படத்தில் எத்தனை பேருடைய சாதகம்!

ஒருமுறை எடுத்துவிட்டு நிறுத்துவதில் பயனில்லை. 2019 இறுதியில் திருவாதிரை மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் கண்ணுக்கே தெரியும்படி ஒளி குன்றிற்று. அது உமிழ்ந்த பொருள் தூசியாகி அதனையே மறைத்தது என்று பின்னர் விளக்கினர். மாதம் ஒரு படம் சேர்த்து வைத்திருந்தவன் பத்திரிகைச் செய்திக்குக் காத்திருக்க வேண்டியதில்லை அன்றோ?

விடுமுறையில் ஊருக்குப் போகும்போதும் எடுங்கள். சென்னையில் 13 பாகை உயரத்தில் இருக்கும் துருவ விண்மீன் தில்லியில் 28 பாகைக்கு மேல் ஏறிவிடுகிறது. கனோபஸ் என்று நூல்கள் கூறும் அகத்தியர் விண்மீனோ அங்கே 24 பாகை வரை எழும்பும். இங்கே 9 பாகையைக்கூட எட்டாமல் குளிர்காலப் புகையில் மூழ்கிப் போகிறது. வடக்கே வந்திருக்கிறோம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

ரேவதியில் பிறந்தவர்களுக்கு என் அனுதாபம். கிராமத்து இருளிலேயே கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிய மங்கல் விண்மீன் அது. நகரத்தில் பேச்சே இல்லை. லடாக்கின் ஆன்லேயில் 2022-இல் இருள்வானக் காப்பகம் அறிவித்தார்கள். எல்லோரும் அங்கே போய்விட முடியாது. அமாவாசையை ஒட்டி ஒரு மணி நேரம் மாடி விளக்குகளை அணைக்குமாறு விடுதிக் காப்பாளரிடம் நம் சங்கம் மனுக் கொடுக்கலாமே. ரேவதி அதனால் தெரிந்துவிடாது. கார்த்திகையில் நான்கு எண்ணியவர் ஆறு எண்ணக்கூடும். மனுவில் முதல் கையெழுத்தை மட்டும் ரேவதிக்காரர் ஒருவர் போடட்டும்.