சான்றொப்பமும் வாக்குரிமையும்

யானைமலை அடிவாரத்து ஒத்தக்கடையிலிருந்து தேர்தல் பணிக்குச் செல்லும் ஆசிரியர், அயலூர்ச் சாவடியைக் காக்கும் பொருட்டுத் தம் ஊரில் வாக்களிக்க இயலாதவராகிறார். அவருக்கென அமைந்ததே அஞ்சல் வாக்கு. எண்ணுகையில் வெளியுறையைப் பிரித்ததும் 13-ஏ படிவ உறுதிமொழியையே முதலில் நோக்குவர். கையொப்பமோ சான்றொப்பமோ குறையுடையதாயின், வாக்குச்சீட்டுள்ள உறை திறக்கப்படாமலே தள்ளப்படும். மோசடியைத் தடுக்க இக்கண்டிப்பு வேண்டுவதே.

ஆயினும் 2016இல் இராதாபுரத்தில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்க்கிறோம். அங்கு வெற்றி வேறுபாடு 49 வாக்குகள். சான்றொப்பமிட்ட தலைமையாசிரியர்க்கு அத்தகுதி இல்லையெனத் தள்ளப்பட்ட அஞ்சல் வாக்குகளோ 203! சென்னை உயர்நீதிமன்றம் அந்நிராகரிப்பை ஏற்காது, 2019இல் மறு எண்ணிக்கைக்கு ஆணையிட்டது. எண்ணியும் முடித்தனர். உச்சநீதிமன்றத் தடையால் முடிவு வெளிவராதிருக்க, 2021இல் அச்சட்டமன்றத்தின் காலமே முடிந்துபோயிற்று.

சான்றளிப்பவரின் தகுதியை ஐயுறும் இடம் எண்ணும் மேசையன்று. வாக்காளர் எதிரே நிற்கும்போதே அதனை நோக்கித் திருத்துதல் வேண்டும். பணியாளர்கள் வசதி மையத்திலேயே வாக்களிக்க வேண்டுமென 2023இல் விதி திருத்தப்பட்டதை வரவேற்கிறோம். அம்மையத்தில் உறையை ஒட்டுமுன் உறுதிமொழியைச் சரிபார்த்து ஒப்புகைச் சீட்டு வழங்குவதையும், பின்னர்த் தள்ள நேரின் காரணத்தை வாக்காளர்க்கு எழுத்தில் அறிவிப்பதையும் விதியாக்குமாறு தேர்தல் ஆணையத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.