கூண்டில் அடைத்தவர் நாம். தண்ணீருக்குப் பொறுப்பு யார்?

நோன்பு நாளில் மஃரிப் பாங்குக்காகக் காத்திருக்கும் கடைசிச் சில நிமிடங்களில்தான் ஒரு குவளைத் தண்ணீரின் மதிப்பை நாம் முழுமையாக உணர்கிறோம். சென்ற ரமலானில் அத்தகைய ஒரு மாலையில், எங்கள் வீட்டுக் கூண்டின் முன் நாங்கள் வெட்கித் தலைகுனிந்து நின்றோம்.

பிள்ளைகள் ஆசையாய் வளர்க்கும் இரண்டு கினிப் பன்றிகள் அதனுள் இருந்தன. தண்ணீர்ப் புட்டி நிறைந்திருந்தது. ஆதலால் யாரும் கவலைப்படவில்லை. காலையில் இருந்த அளவு மாலையிலும் குறையாமல் இருப்பதைக் கண்ட பிறகே ஐயம் எழுந்தது. குழாய் முனையில் உள்ள சிறு உருண்டையை விரலால் தள்ளினோம். ஒரு சொட்டும் வரவில்லை. மென்ற புல்லின் துணுக்குகள் குழாயை அடைத்திருந்தன. சுத்தம் செய்து வைத்ததும் அவை இரண்டும் முண்டியடித்துக் குடித்ததை மறக்க இயலவில்லை. நாம் நோற்றது இறைவனுக்காக நாமே விரும்பி ஏற்ற நோன்பு. அவற்றின் மீது நோன்பை விதித்தவர் யார்?

இப்பிராணியின் பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்போர் நம்மிடையே உண்டு. பன்றிக்கும் இதற்கும் எவ்வித உறவும் இல்லை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியைத் தாயகமாகக் கொண்ட, புல்லும் இலையும் தின்னும் கொறிவிலங்கு இது. தமிழில் சீமைப் பெருச்சாளி என்றும் கூறுவர். பெயர் எதுவாயினும் தாகம் ஒன்றே. நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவச் சொன்ன அதே மார்க்கம், தாகத்தால் தவித்த ஒரு நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் மொண்டு வந்த மனிதருக்குப் பாவமன்னிப்புக் கிடைத்ததையும் நமக்கு அறிவிக்கிறது.

பூனையைக் கட்டிவைத்த பெண்ணைப் பற்றிய ஹதீஸை நாம் அனைவரும் அறிவோம். அவள் உணவும் நீரும் தரவில்லை. தானே தேடித் தின்னும்படி அவிழ்த்தும் விடவில்லை. இந்த இரண்டாவது பகுதியை நாம் ஆழ்ந்து சிந்திப்பதில்லை. தெருவில் திரியும் பூனை எங்கேனும் நீரைத் தேடிக்கொள்ளும். கூண்டில் இருப்பதற்கு நம் கையைத் தவிர வேறு வழி இல்லை. அடைத்த கணத்திலேயே அதன் தாகம் நம் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. அப்பெண்ணைப் போல் நாம் கொடியவர்கள் அல்லர் என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால், தாகத்தில் கிடக்கும் உயிருக்குக் கொடுமைக்கும் கவனக்குறைவுக்கும் இடையே வேறுபாடு தெரியாது.

'மனிதர்களே குடத்துடன் லாரிக்காகக் காத்து நிற்கையில், இதற்கு இத்தனை பேச்சா?' என்று சிலர் கேட்கக்கூடும். வளர்ந்த ஒரு கினிப் பன்றியின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. அதற்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது சுமார் 100 மில்லி லிட்டர் நீர். கோடையில் சற்று மிகும். உளூச் செய்யும்போது குழாயைத் திறந்தபடி விட்டு நாம் வீணாக்கும் நீர் அதைவிட அதிகம். இங்கே குறைவாக இருப்பது தண்ணீர் அன்று, நம் கவனமே.

செய்ய வேண்டியவை எளியவை. நாம் குடிக்கும் தூய நீரையே அவற்றுக்கும் வைக்க வேண்டும். மீதமுள்ள நீரின் மேல் புது நீரை ஊற்றாமல், நாள்தோறும் முழுவதையும் மாற்ற வேண்டும். வெளிச்சம் படும் புட்டியில் பாசி பிடிக்கும். ஆகவே உட்புறத்தையும் குழாயையும் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். காலையிலும் மாலையிலும் உருண்டையைத் தள்ளி நீர் வருகிறதா எனப் பார்க்க வேண்டும். கிண்ணத்தில் வைப்போர் கவிழாத கனமான பீங்கான் கிண்ணத்தைத் தேர்ந்து, வைக்கோலும் புழுக்கையும் விழும்போதெல்லாம் மாற்ற வேண்டும்.

சிலர் வைட்டமின் சி சொட்டு மருந்தை இந்நீரில் கலக்கின்றனர். மனித உடலைப் போலவே இவற்றின் உடலும் அச்சத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது என்பது உண்மைதான். ஆயினும் நீரில் கலந்த அச்சத்து விரைவில் சிதைந்துவிடும். சுவை மாறுவதால் அவை குடிப்பதையும் குறைத்துக்கொள்ளும். குடைமிளகாய்த் துண்டுகளும் கொத்தமல்லித் தழையும் கொடுப்பதே சிறந்தது.

பெருநாள் பரிசாகப் பிள்ளைகளுக்குப் பிராணிகளை வாங்கித் தரும் வழக்கம் நம்மிடையே பெருகி வருகிறது. அதைத் தடுக்க வேண்டும் என்பது எம் கருத்தன்று. சிறுவர் அபூ உமைர் (ரலி) வளர்த்த சிறு பறவையைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அன்புடன் விசாரித்ததை நாம் அறிவோம். ஆனால் வாங்கித் தருவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. பிள்ளை மறக்கும்; பெற்றோர் மறக்கலாகாது. ஊருக்குச் செல்லும்போது, புட்டியை நிரப்பி வைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போவது போதாது. அண்டை வீட்டாரிடம் பொறுப்பை ஒப்படைத்துச் செல்ல வேண்டும். இவ்வளவும் இயலாதென்று கருதுவோர் வாங்காதிருப்பதே அவ்வுயிருக்குச் செய்யும் நன்மை.

இன்று எங்கள் வீட்டில் பேரீச்சம்பழத்தைத் தட்டில் எடுத்து வைக்கும் முன், பிள்ளைகளில் ஒருவர் சென்று அந்த உருண்டையைத் தள்ளிப் பார்த்து வருகிறார். வாயில்லா உயிர்கள் நமக்கெதிராக முறையிடாத மறுமையை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.