கொடுத்துப் பெறும் கல்வி

கொடைக்கானல் மலைக்கு ஏறிச் செல்லும் அயல்நாட்டார் பலர் நம் வத்தலக்குண்டைக் கடந்தே செல்கின்றனர். மலைமேல் 1901ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி, 1976இல் பன்னாட்டுப் பட்டயக் கல்வியை இந்தியாவிலேயே முதன்முதலாக ஏற்ற பள்ளியாகும். மலைக்குக் கீழே மதுரையிலோ அமெரிக்க மாணவர் வந்து பயிலும் மரபு நெடுங்காலமாக உண்டு. விஸ்கான்சின் பல்கலைக்கழக மாணவர் ஓராண்டுத் திட்டத்தின்கீழ் அங்குத் தங்கித் தமிழ் கற்றனர். அமெரிக்கக் கல்லூரிகள் சில ஒன்றுகூடித் தம் மாணவரை ஒரு பருவக் கல்விக்கு அந்நகருக்கு அனுப்பின. ஓபர்லின் கல்லூரியைச் சார்ந்த ஷான்சி அமைப்பின் இளைஞர்கள் அமெரிக்கன் கல்லூரியிலும் லேடி டோக் கல்லூரியிலும் ஆங்கிலம் கற்பித்தனர்.

வந்தவர் கதை இது. சென்றவர் கதை யாது? நம் ஊரிலிருந்தும் சுற்றுச் சிற்றூர்களிலிருந்தும் இளங்கலை பயிலும்போதே ஒரு பருவம் அயல்நாட்டில் கற்று மீண்டவரை எண்ண, ஒரு கை விரல்களே மிகையாகும். மலைக்கும் மதுரைக்கும் நடுவில் இருந்துகொண்டு, இரு பக்கமும் போவோர் வருவோரைப் பார்த்து நிற்பது மட்டுமே நம் பங்காகிவிட்டது.

இதற்குக் காரணம் வறுமை என்று கூறி அமைவது எளிது. பணத் தட்டுப்பாடு உண்மையே. ஆயினும் அது பாதிக் காரணமே. மாணவர் பரிமாற்றம் என்பது எவ்வாறு இயங்குகிறது என்பதை நாம் ஆய்ந்து அறியாமையே மறு பாதி.

இரு நிறுவனங்கள் செய்துகொள்ளும் பரிமாற்ற ஒப்பந்தத்தின் அடிப்படை மிக எளியது. மாணவர் தம் கல்விக் கட்டணத்தைத் தம் கல்லூரியிலேயே செலுத்துவர். சென்ற இடத்தில் கல்விக் கட்டணம் செலுத்தாமல் பயில்வர். பயணம், உணவு, உறைவிடம், காப்பீடு ஆகியவையே அவர்தம் பொறுப்பு. அங்கிருந்து இருவர் வந்தால் இங்கிருந்து இருவர் செல்லலாம். இந்தக் கணக்கு சில ஆண்டுகளுக்குள் நேர்பட வேண்டும். எனவே, வருவார் இல்லையெனின் செல்வாரும் இல்லை. 'நம் பிள்ளையை யார் அழைப்பார்?' என்று கேட்கும் நாம், 'அவர்கள் பிள்ளையை நாம் எவ்வாறு ஏற்போம்?' என்றே முதலில் கேட்டிருத்தல் வேண்டும்.

ஐரோப்பாவில் 1987ஆம் ஆண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவருடன் எராஸ்மஸ் திட்டம் தொடங்கியது. அது பின்னர்ப் பல இலட்சம் மாணவரைச் சுமக்கும் பெருந்திட்டமாக வளர்ந்தமைக்குப் பொருளுதவி மட்டுமே காரணம் அன்று. ஓரிடத்தில் கற்றது மற்றோரிடத்தில் செல்லும் என்னும் உறுதியும் காரணமாகும். ஒரு பருவத்திற்கு 30 கிரெடிட், ஓராண்டிற்கு 60 கிரெடிட் என்று பொது அளவு ஒன்றை அவர்கள் வகுத்துக்கொண்டனர். பொது நாணயம் இருந்தால் சந்தை நடக்கும் என்பது போன்றதே இது.

இக்கருத்து நமக்குப் புதியதும் அன்று. தம் 21ஆம் வயதில், 1325இல், டாஞ்சியர் நகரை விட்டுப் புறப்பட்ட இப்னு பதூதா, அடுத்த ஆண்டு டமாஸ்கஸில் அறிஞர்களிடம் பாடங்கேட்டு 'இஜாஸா' என்னும் சான்றுகளைப் பெற்றார். ஆசிரியர் தம் கையால் வழங்கிய அச்சான்று, ஊர் கடந்தும் அரசு கடந்தும் மதிக்கப்பட்டது. அக்கல்வித் தகுதியுடன் வந்தவரே தில்லியில் காஜியாக அமர்ந்தார். நம் மதுரையையும் கண்டு சென்றார். கற்றதற்குச் சான்று, சான்றுக்கு மதிப்பு என்ற இரண்டும் இருந்தமையால்தான் அன்றைய கல்விப் பயணங்கள் தழைத்தன.

இன்று நம் மாணவர் முன்னுள்ள பேரிடர் இதுவே. ஆர்வத்தால் ஒரு பருவம் வெளிநாடு சென்று மீள்கிறான் ஒருவன். அங்குக் கற்ற பாடங்கள் இங்குச் செல்லா என்று அலுவலகம் கூறுமாயின், விடுபட்ட தாள்கள் அனைத்தும் அரியராக அவன் தலைமேல் விழும். ஓராண்டு வீணாகும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த பிள்ளைக்கு அவ்வோராண்டு என்பது தந்தையின் கடன், தங்கையின் படிப்பு. ஆதலின் பயணச் சீட்டுக்கு முன்னர் வேண்டுவது ஏட்டில் எழுதிய இசைவு. தன்னாட்சிக் கல்லூரியாயின் பாடத்திட்டக் குழுவும், இணைவு பெற்ற கல்லூரியாயின் பல்கலைக்கழகமும், எந்தத் தாளுக்கு எந்தத் தாள் ஈடு என்பதை மாணவர் புறப்படுமுன்னரே உறுதி செய்தல் வேண்டும். வாய்ச்சொல் உறுதி இங்கு உதவாது.

வழி அடைபட்டுள்ளது என்றும் கூறுவதற்கில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட ஒழுங்குமுறை, இந்திய நிறுவனமும் அயல்நாட்டு நிறுவனமும் இணைந்து நடத்தும் இரட்டைக் களப் படிப்பில் அயல்நாட்டில் பெறும் கிரெடிட் மொத்தத்தில் 30 விழுக்காடு வரை இருக்கலாம் என இசைகிறது. ஆறு பருவங்கள் கொண்ட இளங்கலையில் ஒரு பருவம் என்பது ஏறத்தாழ 17 விழுக்காடே. ஆனால், முன் ஒப்புதலின்றி இத்தகைய உடன்பாடு செய்துகொள்ள நாக் தரமதிப்பீட்டில் 3.01 புள்ளியேனும் பெற்றிருத்தல் போன்ற தகுதிகளை அது விதிக்கிறது. ஆகவே, தரமதிப்பீட்டுக்கு உழைப்பது சுவரில் சான்றிதழ் மாட்டுவதற்காக மட்டும் அன்று; நம் மாணவரின் பயண வழியைத் திறப்பதற்கும் ஆகும்.

காலக்கணக்கும் கருதத்தக்கது. நம் ஒற்றைப் பருவம் சூன் திங்களை ஒட்டித் தொடங்கி நவம்பர்த் தேர்வோடு முடிகிறது. அமெரிக்கப் பருவம் ஆகஸ்டு இறுதியில் தொடங்கி டிசம்பர் நடுவில் முடியும். செருமனியிலோ குளிர்காலப் பருவ வகுப்புகள் அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரி வரை நீளும். ஐந்தாம் பருவத்திற்கு அமெரிக்கா செல்பவன் ஆறாம் பருவத் தொடக்கத்தில் திரும்பிவிடலாம். செருமனி செல்பவன் ஆறாம் பருவத்தின் பெரும்பகுதியை இழப்பான். இதனை எண்ணிப் பார்த்து, ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்னரே திட்டமிடுதல் வேண்டும். கடவுச்சீட்டு, மொழித் தேர்வு, விசா, மருத்துவக் காப்பீடு என ஒவ்வொன்றும் தனித்தனியே நாள் கொள்ளும். முதலாண்டிலேயே கடவுச்சீட்டு எடுத்து வைப்பதும், அரியர் இன்றித் தேறுவதும் மாணவர் தம் கையிலுள்ள முதற் படிகள்.

இனி, வருவோர்க்கு நாம் கொடுப்பது யாது? இங்குத்தான் தமிழ்த்துறையின் கடமை தொடங்குகிறது. பொறியியலையும் கணினியையும் கற்க எவரும் வத்தலக்குண்டை நாடி வாரார். தமிழைக் கற்க வருவர். 'கமலாம்பாள் சரித்திரம்' தந்த பி.ஆர். ராஜமையர் இவ்வூர்க்காரர். மணிக்கொடியின் ஆசிரியராக விளங்கிய பி.எஸ். ராமையாவும், 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பாவும் இம்மண்ணோடு தொடர்புடையவர்கள். தமிழ் நாவல், சிறுகதை, திறனாய்வு ஆகிய மூன்றின் வரலாற்றையும் ஒரே ஊரின் தெருக்களில் நடந்து கற்பிக்கும் வாய்ப்பு வேறு எத்தனை ஊர்களுக்கு வாய்க்கும்? அதனோடு உமறுப் புலவரின் சீறாப்புராணம் முதலாகத் தொடரும் இசுலாமியத் தமிழ் இலக்கியப் பெருஞ்செல்வமும் நம்மிடம் உண்டு. பேச்சுத் தமிழ், இவ்வட்டார எழுத்தாளர், இசுலாமியத் தமிழ் இலக்கியம் என்ற மூன்று தாள்களை அயல்மொழி மாணவர்க்கென ஒரு பருவத்திற்கு வகுப்போமாயின், நாமும் ஒப்பந்த மேசையில் வெறுங்கையோடு அமரமாட்டோம்.

அயல்நாடு என்றவுடன் மேலைநாட்டை மட்டும் எண்ணுதலும் வேண்டா. இன்று கோலாலம்பூரில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தோன்றியது. தனிநாயக அடிகளார் பணியாற்றிய துறை அது. முதலாம் உலகத் தமிழ் மாநாடும் 1966இல் அந்நகரிலேயே கூடியது. யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகக் கல்வி 1974 முதல் நடைபெறுகிறது. இவ்விடங்களுக்குப் பயணச் செலவு குறைவு. உணவிலும் வழிபாட்டிலும் இடர் இல்லை. தமிழ் பேசும் சுற்றமும் உண்டு. முதற்பயணம் அங்ஙனம் அமைவது அறிவுடைமை.

'உள்ளூர் நூலகத்தையே திறவாத பிள்ளைக்கு வெளிநாடு எதற்கு?' என வினவும் பெரியோர் உளர். அவர்கட்கு ஏ.கே. இராமானுசன் வரலாற்றை நினைவூட்டலாம். 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில்தான் உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகை அவர் கண்ணிற்பட்டது. அதன் பயனாக 1967இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு நூல் சங்கப் பாடல்களை உலகோர் படிக்கச் செய்தது. தொலைவிலிருந்து காணும்போதே சிலருக்குத் தம் வீட்டின் அழகு புலப்படுகிறது.

'சென்றவர் திரும்பார்' என்ற அச்சமும், 'பெண்பிள்ளையை எங்ஙனம் அனுப்புவது?' என்ற தயக்கமும் இயல்பே. ஆயின் ஒரு பருவக் கல்வி என்பது திரும்புதலையே அடிப்படையாகக் கொண்டது. பட்டம் இங்குதான் வழங்கப்படும். மாணவியர் இருவரையோ மூவரையோ சேர்த்து அனுப்புதல், விடுதியை முன்கூட்டியே உறுதி செய்தல், கிழமைதோறும் பேசப் பொறுப்பாசிரியர் ஒருவரை அமர்த்துதல் ஆகியவற்றைக் கல்லூரியே ஏற்குமாயின் பெற்றோர் மனம் இசையும். இப்பொறுப்பைக் கட்டணம் பெறும் இடைத்தரகரிடம் விட்டுவிடலாகாது.

ஆட்சிக்குழுவினரும் சமுதாயப் பெரியோரும் மூன்றனைச் செய்ய வேண்டுகிறேன். பரிமாற்றத்திற்கெனப் பொறுப்பாசிரியர் ஒருவரை அமர்த்துங்கள். விடுதியில் வருவோர்க்கென இரண்டு அறைகளை ஒதுக்குங்கள். ஆண்டுக்கு இருவரேனும் சென்று வருதற்குரிய பயண நிதி ஒன்றை நிறுவுங்கள். திருமண மண்டபம் கட்டத் திரளும் பொருளில் சிறு பகுதி இதற்குப் போதும்.

மாணவச் செல்வங்களே! உங்கள் ஊர் சாலையோரத்து ஊர். வண்டிகள் நின்று தேநீர் அருந்திச் செல்லும் ஊர். அவ்வண்டிகளில் ஒன்று உங்களையும் ஏற்றிச் செல்ல வேண்டும். அங்கிருந்து ஒருவரை இங்கே கொண்டுவந்து இறக்கவும் வேண்டும். செல்லுங்கள், கொடுத்துப் பெறுங்கள், திரும்பி வந்து அடுத்தவர்க்கு வழி காட்டுங்கள்.