கதிரையைத் திருத்தாதேங்கோ, கதிரை குடுங்கோ

"கதிரை தமிழில்லை, போர்த்துக்கேயச் சொல். நாற்காலி எண்டு எழுதுங்கோ." இந்த அறிவுரையைக் கேளாத ஆள் எங்கட வயதில இருக்க மாட்டினம். இதில முதல் பாதி சரி. இரண்டாம் பாதியோடதான் எனக்குச் சண்டை.

கதிரையின்ர பூர்வீகம் கிரேக்கம். 'கதெட்ரா' எண்டால் அமருகிற இடம். அது லத்தீனுக்குப் போய், போர்த்துக்கேயத்தில 'கதெய்ரா' ஆனது. பிரெஞ்சு வழியா ஆங்கிலத்துக்குப் போய் 'செயார்' ஆனது. ஸ்பானியத்தில 'கதேரா' எண்டால் இடுப்பு! ஆயரின்ர இருக்கை உள்ள கோயிலுக்கு 'கதீட்ரல்' எண்டு பெயர் வந்ததும் இதாலதான். யாழ்ப்பாண மரியன்னை பேராலயத்தின்ர ஆங்கிலப் பெயருக்குள்ளயும் எங்கட கதிரை கிடக்குது.

தமிழ்நாட்டில நாற்காலி எண்டு எழுதுறவையும் வாயால சொல்லுறது 'சேர்'. அதுவும் அதே கிரேக்க விதைதான். அப்ப எங்கட கதிரை மட்டும் என்ன பாவம் செய்தது?

1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடிச்சினம். 1658இல் ஒல்லாந்தர் அவையைக் கலைச்சினம். ஆண்டவை போயிட்டினம், மேசை, அலுமாரி, யன்னல், சப்பாத்து எல்லாம் நிண்டுட்டுது. கதிரையைத் திருத்துற ஆள் அதை மேசையில வைச்சுத்தானே எழுதுறார்? நானூறு வருசம் எங்கட வாயில கிடந்த சொல்லுக்கு இனியும் விசா கேக்கிறது நியாயமில்லை.

உண்மையில கதிரையைப் பற்றிக் கேக்க வேண்டிய கேள்வி வேற. அதில ஆரை இருக்க விட்டனாங்கள்?

ஒரு காலம் எங்கட பள்ளிக்கூடங்களில ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளையள் நிலத்தில இருந்துதான் படிச்சினம். அரசாங்க உதவி பெறும் பள்ளிகளில எல்லாப் பிள்ளையளுக்கும் சம ஆசனம் குடுக்க வேணும் எண்டு 1929, 1930 அளவில உத்தரவு வந்தபோது, 'தமிழ்ப் பண்பாடு' பேசின ஆதிக்க சாதிக்காரர் எதிர்த்தினம். பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் மாதிரிச் சிலர்தான் சம ஆசனத்தின்ர பக்கம் நிண்டவை. அதுக்குப் பிறகும் 1960களின்ர கடைசியில, தேநீர்க் கடைக்குள்ள போய்ச் சமமா இருந்து தேத்தண்ணி குடிக்கிறதுக்கே போராட வேண்டியிருந்தது.

கவனியுங்கோ: அண்டைக்குக் கொளுத்தினவைக்குக் கதிரை அந்நியப் பொருளாத் தெரியேல்லை. தாங்கள் வசதியா இருந்தவை. பக்கத்தில இருக்க வந்த பிள்ளைதான் அந்நியமாத் தெரிஞ்சது.

இண்டைக்கும், கூலிவேலைக்கு வந்த மனுசன் முற்றத்தில குந்தியிருந்து தேத்தண்ணி குடிக்க, விறாந்தையில கதிரையள் வெறுமனே கிடக்கிற வீடுகள் இருக்குது. அந்த வீட்டில கதிரையை நாற்காலி எண்டு மாத்தி என்ன பயன்?

சொல்லுக்குத் தீட்டுப் பாக்கிற பழக்கமும் ஆளுக்குத் தீட்டுப் பாக்கிற பழக்கமும் ஒரே வளவில முளைச்சதுதான். தமிழைச் சுத்தமாக்க வெளிக்கிட்ட நண்பர்களே, முதல்ல விறாந்தையில இருந்து தொடங்குங்கோ.