சாதுக் காய்ச்சல் என்னும் பொய்

மருத்துவ நூல்களில் ஒரு பொய் நெடுங்காலம் மரியாதையோடு குடியிருந்தது. வைவாக்ஸ் என்னும் ஒட்டுண்ணி உண்டாக்கும் மலேரியாவுக்கு அந்நூல்கள் 'சாதுவான' முறைக்காய்ச்சல் என்று பெயர் சூட்டியிருந்தன. பல்சிபாரம் என்னும் மற்றோர் இனம் மூளையைத் தாக்கி ஆளைக் கொல்லும். எனவே அது கொடியது. வைவாக்ஸ் குளிரால் உலுக்கி, அனலாய்க் காய்ச்சி, வியர்க்கவைத்து, ஒருநாள் விட்டு மறுநாள் திரும்பி வரும். ஆள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வான். எனவே இது சாது! இப்பெயரைச் சூட்டியவர்கள் காய்ச்சலிற் கிடந்தவர்களா? அல்லர். பிறருடைய காய்ச்சலைத் தூரத்தில் நின்று கணக்கெடுத்தவர்கள்.

நறுவிலிக்குளத்துக்கு வந்து இந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். இவ்வூரில் நடுவயதைக் கடந்தவர்கள் சிரிப்பார்கள், அல்லது சினப்பார்கள். போர் மூண்டிருந்த 1990களில் இந்நாட்டு மலேரியாவின் பெரும்பங்கை வடக்கும் கிழக்குமே சுமந்தன. சாக்கையும் சேலையையும் சேர்த்துப் போர்த்தியும் அடங்காத நடுக்கத்தை, கசந்த குளிசையை, விதைப்புக் காலத்தில் திண்ணையிற் சுருண்டு கிடந்த உடலை அவர்கள் மறக்கவில்லை.

ஆராய்ச்சியும் அவர்கள் பக்கமே நிற்கிறது. இலங்கை அறிஞர் நதீரா கருணவீரவும் அவருடைய சகாக்களும் 1992இல் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். வைவாக்ஸ் காய்ச்சல் ஏறி இறங்கும் வேளையில், உடலில் அழற்சியைத் தூண்டும் ஒரு பொருள் குருதியில் ஏறி இறங்குகிறது என்பதே அது. குருதியில் ஒட்டுண்ணி சிறிதளவே இருப்பினும், அது கிளப்பும் புயல் சிறிதன்று. கமினி மெண்டிஸ் முதலியோர் 2001இல் வைவாக்ஸை உலகம் புறக்கணித்த சுமை என்றே அழைத்தனர். பின்னர் இராசத்தான் மாநிலத்துப் பீக்கானேரிலிருந்தும் இந்தோனேசியாவின் பப்புவாவிலிருந்தும் செய்திகள் வந்தன. கடும் குருதிச்சோகை, மூச்சுத்திணறல், சிறுநீரகச் செயலிழப்பு, மரணம் ஆகியன 'சாது' செய்த வேலைகள்!

ஆசிரியத் தொழிலில் இருக்கும் நம்மை இன்னோர் ஆய்வு மேலும் உறுத்துகிறது. தென்னிலங்கைப் பிள்ளைகளிடையே நடந்து 2003இல் வெளிவந்தது அது. மலேரியா திரும்பத் திரும்பத் தாக்கிய பிள்ளைகள் மொழியிலும் கணிதத்திலும் பின்தங்கினர். 'மந்தம்' என்றும் 'சோம்பேறி' என்றும் எத்தனை பிள்ளைகளுக்கு நமது வகுப்பறைகள் பட்டம் கட்டியிருக்கும்? அவர்களுள் எத்தனை பேர் நோயின் சுமையோடு வாங்கிலில் உட்கார்ந்திருப்பர்?

வைவாக்ஸின் உண்மையான சூது வேறோர் இடத்தில் இருக்கிறது. நுளம்பு கடித்ததும் ஒட்டுண்ணியின் ஒரு பகுதி குருதிக்குச் செல்லாமல் ஈரலிலேயே உறங்கிவிடுகிறது. வாரங்கள் கழித்தோ மாதங்கள் கழித்தோ விழித்தெழுந்து, புதிய கடி எதுவுமின்றியே காய்ச்சலை மீண்டும் மூட்டுகிறது. அந்த உறங்கும் உருவம் 1980களின் தொடக்கத்திலேதான் கண்டறியப்பட்டது. குளோரோகுயின் குருதியில் உள்ளதைக் கொல்லும். ஈரலில் உறங்குவதைத் தொடாது. அதனை ஒழிக்கப் பிரைமாகுயின் குளிசையைப் பதினான்கு நாள் விழுங்கவேண்டும்.

இந்தப் பதினான்கு நாளில் இருக்கிறது ஏழையின் சோதனை. காய்ச்சல் இரண்டு மூன்று நாளில் நின்றுவிடுகிறது. அதன்பின் கூலிவேலை அழைக்கிறது, மீன்வாடி அழைக்கிறது, வேற்றூர்ப் பயணம் அழைக்கிறது. எஞ்சிய குளிசை கூரையிற் செருகப்படுகிறது. இதனை அறியாமை என்று பழிப்பது எளிது. ஆனால் உலகம் என்ன செய்தது? கொரியப் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படையினருக்குத் தேவைப்பட்டபோது, 1952இல் பிரைமாகுயின் அங்கே அங்கீகாரம் பெற்றது. ஒரே வேளையில் விழுங்கத்தக்க அதன் தம்பி தஃபெனோகுயின் 2018இலேதான் அங்கீகாரம் பெற்றது. இடையில் கழிந்தவை அறுபத்தாறு ஆண்டுகள்! குருதிச் செல்லில் ஒரு நொதி குறைந்தவர்களுக்கு இவ்விரு மருந்துகளும் ஆபத்தானவை, முன்கூட்டிச் சோதிக்கவேண்டும். கருவுற்ற தாய்க்குக் கொடுக்கவே கூடாது. படைக்கு வந்த நோய் விரைவில் மருந்து கண்டது. பாட்டாளிக்கு வந்த நோயோ காத்திருந்தது.

"இலங்கையில்தான் மலேரியா ஒழிந்துவிட்டதே, இன்னும் ஏன் இந்தக் கூக்குரல்?" என்று கேட்போர் உண்டு. ஒழிந்தது உண்மை. 2012 அக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தானே பரவிய நோய் காணப்படவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. வீடுவீடாய் அலைந்து குருதி எடுத்த ஊழியர்களுக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால் இதே பெருமிதத்தை இந்நாடு முன்பும் ஒருமுறை பேசியது. 1963இல் நாடெங்கும் பதினேழே நோயாளர்கள். வெற்றி என்றார்கள், மருந்து தெளிப்பை நிறுத்தினார்கள், கண்காணிப்பு தளர்ந்தது. 1969இல் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயிற் கிடந்தனர். பெரும்பாலும் வைவாக்ஸேதான்.

இன்று நிலை என்ன? சான்று கிடைத்த அதே ஆண்டின் டிசெம்பரில், நமது மன்னார்த் தீவிலேயே ஸ்டீபென்சி என்னும் புதிய நுளம்பு இனம் கண்டுபிடிக்கப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் இந்த நுளம்பு கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் முட்டையிடும். 2018 டிசெம்பரில், வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரின் உடலிலிருந்த வைவாக்ஸ், நுளம்பு வழியே மொனராகலையில் ஓர் உள்ளூர்வாசியைப் பற்றியது. உடனே கண்டுபிடித்தார்கள், அதனால் அங்கேயே அடங்கியது.

இதைக் கேட்டதும் "வெளியாரைத் தடுங்கள்" என்று கூவுவோரும் கிளம்புவார்கள். அவர்களையும் நாம் மறுக்கிறோம். தமிழக முகாமிலிருந்து தாயகம் திரும்பும் அகதியும், கூலிக்காகக் கடல் கடக்கும் தொழிலாளியும் நமது பகைவர்கள் அல்லர். உறங்கும் ஒட்டுண்ணியை எவரும் விரும்பிச் சுமப்பதில்லை. சந்தேகப் பார்வைக்கு அஞ்சி அவர்கள் ஒளிந்தால் நோயும் ஒளியும். அவர்களுக்கு வேண்டியது உடனடிக் குருதிச் சோதனை, இலவச மருந்து, பதினான்காம் நாள்வரை துணை நிற்கும் ஓர் ஊழியர்.

நாம் கேட்பவை பெரியனவல்ல. நோயாளர் இல்லை என்ற காரணங்காட்டி மலேரியாத் தடை இயக்கத்தின் ஆளணியையும் நிதியையும் குறைக்காதீர்கள். நுணுக்குக்காட்டியில் பார்க்கத் தெரிந்த கண்களைப் பயிற்சியில் வைத்திருங்கள். கிணற்றை வலையிட்டு மூடுவதையும் நுளம்புப் புழுவைத் தின்னும் மீன் வளர்ப்பதையும் பாடசாலைகளும் மாதர் சங்கங்களும் ஏற்றுக்கொள்ளட்டும். காய்ச்சலோடு வருபவரிடம் "எங்கிருந்து வந்தீர்கள்?" என்று வைத்தியர் அன்போடு கேட்கட்டும்.

ஒட்டுண்ணி உறங்குவது மீண்டும் எழுவதற்காக. 1963இன் உறக்கத்திற்குச் செலுத்திய விலையை அறிந்த நாடு, இனியும் உறங்குமானால் அதனை மன்னிக்க எவராலும் இயலாது.