சாப்பாட்டு இடைவேளையில் மூன்று நிமிடம்

பள்ளிக்குப் பல் மருத்துவக் குழு வந்தால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பெரிய பல்செட் பொம்மையின் மேல் பிரஷ்ஷை வட்டமாகச் சுழற்றிக் காட்டுவார்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை பல் தேய்க்க வேண்டும் என்று கேட்டால் ‘ரெண்டு’ என்று வகுப்பே கத்தும். பிள்ளைகளுக்கு விடை தெரியாமல் இல்லை. ஆனாலும் 2002-03இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் 12 வயதுப் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சொத்தைப்பல் இருந்தது. 15 வயதில் அது 60 சதவீதத்தைத் தாண்டியது. பல் சுகாதாரக் கல்வி பற்றிய ஆய்வுகளை எலிசபெத் கே, டேவிட் லாக்கர் இருவரும் 1990களில் தொகுத்துப் பார்த்தார்கள். பாடம் கேட்ட பிள்ளைகளின் அறிவு கூடுகிறது, பல்லில் படியும் அழுக்கு கொஞ்ச காலத்துக்குக் குறைகிறது. ஆனால் ஃபுளோரைடும் சேர்ந்தால் ஒழிய, சொத்தை குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. பல் தேய்ப்பதைப் பாடமாக மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு, பள்ளியில் தினமும் செய்யும் வேலையாக அதை மாற்ற வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

எந்த வயதில் என்று கேட்டால், ஒன்றாம் வகுப்பில். ஆறு வயதை ஒட்டி, கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. அதற்காக எந்தப் பல்லும் விழுவதில்லை என்பதால் புதுப்பல் வந்ததே பல வீடுகளில் தெரிவதில்லை. தெரிந்தாலும் ‘பால்பல்தானே, விழுந்து முளைக்கும்’ என்று விட்டுவிடுகிறார்கள். அது முழுதாக எழும்பிவரப் பல மாதம் ஆகும். அதுவரை பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்தே கிடப்பதால் பிரஷ் அதன் மேல் சரியாகப் படாது. பள்ளங்களில் பிஸ்கட் மாவு அப்பிக்கொள்ளும். ஆயுள் முழுவதும் மெல்ல வேண்டிய பல்லில் எட்டு, ஒன்பது வயதிலேயே குழி விழுகிறது. பெற்றோர் கவனிக்க வேண்டியதுதானே என்பார்கள். விடியுமுன் வேலைக்குக் கிளம்பி இருட்டிய பின் திரும்பும் தாயிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சத்துணவைப் பள்ளி ஏற்றுக்கொண்டதும், 2022இல் காலை உணவைத் தொடங்கியதும் இதே நியாயத்தின் பேரில்தானே!

ஸ்காட்லாந்தில் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். ‘சைல்டுஸ்மைல்’ திட்டத்தில் மழலையர் பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியர் பார்க்கத் தினமும் ஃபுளோரைடு பேஸ்ட்டால் பல் தேய்க்கிறார்கள். தேய்த்ததும் நுரையைத் துப்பிவிடுவார்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிப்பதில்லை. அங்கே சொத்தை இல்லாத ஐந்து வயதுப் பிள்ளைகள் 2003இல் 45 சதவீதம், 2018இல் 71 சதவீதம். பல் தேய்க்கும் திட்டத்தின் எட்டாம் ஆண்டில் சிகிச்சைச் செலவில் மிஞ்சிய பணம், திட்டத்துக்கு ஆன செலவைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல். பணக்கார நாட்டுக் கதை என்று ஒதுக்க வேண்டாம். பிலிப்பைன்ஸின் அரசுப் பள்ளிகளில் துளையிட்ட நீளக் குழாய் ஒன்றைப் பொருத்தி, வரிசையாக நின்று கை கழுவிப் பல் தேய்க்க வைக்கிறார்கள். தண்ணீரும் அதிகம் செலவாவதில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபுளோரைடால் பல் பழுப்பேறும் ஊர்களில் அதே ஃபுளோரைடை வாயில் வைக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தியாவில் பேஸ்ட்டில் அனுமதிக்கும் உச்ச அளவு பத்து லட்சத்தில் 1000 பங்கு. பட்டாணி அளவு, அதாவது கால் கிராம் பேஸ்ட்டை அப்படியே விழுங்கினாலும் உள்ளே போவது கால் மில்லிகிராம். குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்கிறோம். அங்கே முதல் எதிரி தண்ணீர். அதைச் சோதித்து, ஒகேனக்கல் குடிநீர் சேராத பள்ளிக்கு முதலில் அதைச் சேர்க்க வேண்டும். அளவுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள ஊர்களில் பல் மருத்துவரைக் கேட்டுப் பேஸ்ட்டை முடிவு செய்யட்டும்.

ஆசிரியருக்கு இன்னொரு சுமையா என்ற கேள்விதான் எனக்கும் கனமாகப் படுகிறது. பதிவேடு, புகைப்படம், செயலியில் பதிவேற்றம் என்று ஆரம்பித்தால் இந்தத் திட்டம் ஒரே பருவத்தில் செத்துப்போகும். எழுத்து வேலை எதுவும் வேண்டாம். பேர் எழுதிய பிரஷ்கள் ஒன்றோடொன்று உரசாமல் நிற்க ஒரு தாங்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது பிரஷ், மேற்பார்வைக்கு ஒரு உதவியாளர், இவை போதும். பள்ளிக் கல்வித் துறை வரும் ஜூனில் ஒன்றியத்துக்கு ஒரு தொடக்கப் பள்ளியிலாவது இதைத் தொடங்கட்டும். மூன்றாண்டு கழித்து அந்தப் பிள்ளைகளின் கடைவாய்ப்பற்களைப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுடையதோடு ஒப்பிட்டு எண்ணிப் பார்த்து, மற்ற பள்ளிகளுக்கும் கொண்டுபோவதா என்று முடிவெடுக்கட்டும்.